பெயர்போன தோட்டம்

2006ல் அமெரிக்கா வந்து இறங்கியபோது கலிபோர்னியாவில் ஃபிரீமாண்ட் என்ற ஊரில் நான்கு பேர் சேர்ந்து ஒரு அபார்ட்மெண்ட்டில் இருந்தோம். சமையலறை ஜன்னலோரம் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி இருக்கும். கழுத்தில் விரலை நுழைத்துத் தூக்குவதற்கு ஒரு சின்ன வளையம். எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் குடித்து முடித்து விட்டுப்போன ஒயின் ஜாடி. அதில் தண்ணீர் ஊற்றி மணி பிளாண்ட் வைத்திருந்தோம். லேபிளைச் சுரண்டி எடுக்க யாருக்கும் பொறுமை இல்லை. அதனால் தினமும் பாத்திரம் கழுவும்போது அந்தப் பெயர் கண்ணுக்கு நேராக நிற்கும்: இங்கில்நூக். கடைக்குப் போனால், குனிந்து எடுக்க வேண்டிய கீழ்த்தட்டில், அதே பெயர் போட்ட ஜாடிகளைப் பார்க்கலாம். மலிவு ஒயினுக்கு இன்னொரு பெயர் என்று மனதில் போட்டு வைத்திருந்தேன்.

2019 பிப்ரவரியில் அப்பா வந்திருந்தார். ஒயினுக்குப் பேர்போன நாப்பா பள்ளத்தாக்குக்குக் கூட்டிப் போனேன். அவர் மதுவைத் தொடுகிறவர் இல்லை. அவருக்குப் பார்க்க வேண்டியது கொடி. கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டிப் பக்கம், ஒன்றரை ஏக்கரில் தாத்தா போட்ட பன்னீர் திராட்சைப் பந்தலைப் பல வருடம் கட்டிக் காத்த மனிதர். கோல்டன் கேட் பாலத்தை இரண்டு நிமிடத்தில் பார்த்து முடித்தவர், பள்ளத்தாக்கில் ரதர்ஃபோர்ட் என்ற ஊர் வந்ததும் காரை நிறுத்தச் சொன்னார்.

கொடியெல்லாம் மொட்டையாக நின்றது. வரிசைக்கு வரிசை நடுவில் முழங்கால் உயரத்துக்குக் கடுகு பூத்து, நிலமே மஞ்சளாக இருந்தது. "ஊடுபயிராய்யா?" என்று கேட்டார். மண்ணுக்காக வளர்த்து மடக்கி உழுதுவிடுவார்கள் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். பிறகு ஒரு கொடியின் அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தூரில் பருத்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். "ஒட்டு போட்டிருக்கான் பாரு." மேலே கம்பியோடு படர்ந்த கையில் வெட்டு விழுந்த இடங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். "ரெண்டு கண்ணு விட்டு வெட்டியிருக்கான். நாம நாலு விடுவோம். ஆனா வெட்டு சுத்தமா இருக்கு. நல்ல கை."

வருடத்துக்கு ஒரே ஒரு அறுவடை என்றபோதுதான் அவருக்கு நம்ப முடியவில்லை. எங்கள் ஊரில் கொடிக்குத் தூக்கமே கிடையாது. கவாத்து முடிந்த நான்கு மாதத்தில் பழம் வெட்டு, கொஞ்சம் ஓய்வு, மறுபடி கவாத்து. "ஒரு வெள்ளாமைய வச்சுக்கிட்டு இவன் எப்படிய்யா குடும்பம் நடத்துவான்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எவ்வளவு சரியானது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அங்கிருந்து மேற்கே, மலையடிவாரத்தை நோக்கிப் போகும் பாதையின் முடிவில் ஒரு கல் மாளிகை. ஐவிக் கொடி ஏறிய சுவர். வாசலில் அந்தப் பெயர். இங்கில்நூக். என் மணி பிளாண்ட் ஜாடியின் பெயர்.

அன்றிலிருந்து அந்தத் தோட்டத்தைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தோட்டத்தை உருவாக்கியவர் கஸ்டாவ் நீபாம். 1842ல் ஹெல்சின்கியில் பிறந்தவர். அப்போது பின்லாந்து ரஷ்யப் பேரரசின் கையில் இருந்தது. இருபது வயதுகளிலேயே கப்பல் தலைவரானார். 1867ல் ரஷ்யா அலாஸ்காவை அமெரிக்காவுக்கு விற்றது. அந்த நேரத்தில் அந்தக் கரையை அறிந்தவர்களுக்கு அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. மறு வருடம் கப்பல் நிறையக் கடல்நாய்த் தோலோடு சான் பிரான்சிஸ்கோ வந்து இறங்கினார் நீபாம். அவர் பங்காளியாக இருந்த அலாஸ்கா கமர்ஷியல் கம்பெனிக்கு 1870ல் பிரிபிலோஃப் தீவுகளில் கடல்நாய் வேட்டையாடும் தனி உரிமை கிடைத்தது. செல்வம் கொட்டியது. அந்தச் செல்வம் எத்தனை உயிர்களைக் கொன்று வந்தது என்பதை ஒதுக்கிவிட்டு அந்த மாளிகையை என்னால் ரசிக்க முடியவில்லை.

தனக்கென்று ஒரு கப்பல் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாராம். மனைவி சூசானுக்குக் கடல் வாழ்க்கை பிடிக்கவில்லையாம். அதனால் மனம் நிலத்துக்குத் திரும்பியது என்று ஒரு கதை உண்டு. எப்படியோ, 1879ல் ரதர்ஃபோர்டில் ஒரு பண்ணையை வாங்கினார். முந்தைய சொந்தக்காரர் வைத்த பெயர்தான் இங்கில்நூக். ஸ்காட்லாந்துச் சொல். கணப்படுப்பின் ஓரத்தில் குளிர் காய உட்காரும் மூலை என்று பொருள்.

அந்தக் காலத்தில் கலிபோர்னியா ஒயின் பெரும்பாலும் பீப்பாயில் போகும். தோட்டக்காரர் பழத்தைப் பிழிந்து, புளிக்கவைத்து, பீப்பாயில் அடைத்து சான் பிரான்சிஸ்கோ வியாபாரிக்குக் கொடுத்துவிடுவார். வியாபாரி பத்துத் தோட்டத்துச் சரக்கை ஒன்றாகக் கலந்து, தனக்குத் தோன்றிய பெயரை ஒட்டுவார். யார் தோட்டத்துப் பழம், எந்த வருடம் என்று குடிப்பவருக்குத் தெரிய வழியில்லை. நீபாம் இதை மாற்றினார். பிரான்ஸின் போர்டோ பகுதிப் பண்ணைகளைப் போல, தன் நிலத்தில் விளைந்ததைத் தன் கூரைக்குள் ஒயினாக்கி, தானே பாட்டிலில் அடைத்து, தன் பெயரோடு அனுப்பினார். 1880களில் எழுந்த கல் மாளிகையில் பழம் மேல்தளத்துக்குப் போகும். நசுங்கிய சாறு தன் பாரத்தாலேயே தளம் தளமாகக் கீழே இறங்கும். மேற்பார்வைக்கு வரும்போது வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வருவாராம். தொட்ட இடத்தில் கையுறை அழுக்கானால் அன்றைக்கு வேலையாட்கள் பாடு திண்டாட்டம்தான். 1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் இங்கில்நூக் ஒயினுக்குப் பரிசு கிடைத்தது. பத்து வருடத்தில் பின்லாந்துக் கப்பல்காரர் பிரெஞ்சுக்காரர்களின் முற்றத்திலேயே போய்ப் பேர் வாங்கிவிட்டார்.

அதே காலத்தில்தான் நாப்பா முழுக்க ஃபைலாக்செரா என்ற பூச்சி கொடிகளின் வேரைத் தின்றுகொண்டிருந்தது. அசுவினி இனம். கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு சிறியது. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர் மட்டும் அதைத் தாங்கும். அதனால் அந்த வேரின்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்ட வேண்டியதாயிற்று. அப்பா கட்டைவிரலால் தடவியது அந்தப் போரின் தழும்பைத்தான்.

1908ல் நீபாம் இறந்தார். பிள்ளைகள் இல்லை. சூசான் அம்மையார் ஆள் வைத்து நடத்தினார். 1920ல் நாடு முழுக்க மதுவிலக்கு வந்தது. தேவாலயப் பூசைக்கான ஒயினைச் செய்து பக்கத்துப் பண்ணையான பியூலியூ பிழைத்தது. இங்கில்நூக் கதவைச் சாத்தியது. 1933 டிசம்பரில் மதுவிலக்கு நீங்கியது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் நெருக்கமானவர் அடுத்து வருகிற ஜான் டேனியல். 1907ல் பிறந்தவர். சூசான் அம்மையாரின் உறவுவழிப் பேரன். தாயை இழந்து அவர் வீட்டிலேயே வளர்ந்த பிள்ளை. ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் படித்தார். 1939ல் பண்ணை அவர் பொறுப்புக்கு வந்தது. அடுத்த இருபத்தைந்து வருடம் அவர் செய்ததைப் பார்த்தால், பெயரை விளக்கேற்றிக் கும்பிட்டவர் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

சரியில்லாத வருடத்து ஒயினை இங்கில்நூக் பெயரில் விற்க மாட்டார். பெயரில்லாமல் மொத்தமாகத் தள்ளிவிடுவார். நல்ல வருடத்திலும், பீப்பாய் பீப்பாயாக ருசித்து, மிகச் சிறந்ததை மட்டும் பொறுக்கி, பீப்பாய் எண்ணோடு தனியாக விடுவார். மற்ற பல நிறுவனங்கள் கலிபோர்னியா ஒயினுக்கு பர்கண்டி, ஷாப்ளி என்று பிரெஞ்சு ஊர்ப் பெயர்களைக் கூசாமல் ஒட்டிக்கொண்டிருந்த காலம் அது. டேனியல் திராட்சை ரகத்தின் பெயரை எழுதினார். கூடவே நாப்பா பள்ளத்தாக்கு என்று ஊரையும் எழுதினார். 1944ல் நாப்பா ஒயின் தயாரிப்பாளர் சங்கத்தைத் தொடங்கிய ஏழு பேரில் அவரும் ஒருவர். 1941ல் விளைந்த அவருடைய கேபர்நே சாவிஞோன் என்ற ரகத்துச் சிவப்பு ஒயின் இன்றைக்கும் பேசப்படுகிறது. 2004ல் ஏலத்தில் ஒரு பாட்டில் 24,675 டாலருக்குப் போனது.

ஆனால் பண்ணைக்கு லாபமே கிடையாது. சுமாரானதைப் பெயரில்லாமல் தள்ளிவிட்டு, சிறந்ததை வருடக்கணக்கில் பீப்பாயில் கிடத்தி வைத்தால் பணம் எங்கிருந்து வரும்? அமெரிக்கர்கள் அப்போது சாப்பாட்டோடு ஒயின் குடிக்கும் வழக்கமும் அதிகம் இல்லாதவர்கள். நல்ல ஒயினுக்கு நல்ல விலை கொடுக்கும் கூட்டம் வர இன்னும் பல வருடம் இருந்தது. அப்பா அந்தக் கொடியடியில் உட்கார்ந்து கேட்டாரே, ஒரு வெள்ளாமையில் எப்படிக் குடும்பம் நடத்துவான் என்று, அதற்குப் பதில் இதுதான். நடத்த முடியவில்லை.

1964ல் ஜான் டேனியல் விற்றுவிட்டார். மாளிகை, தோட்டத்தின் ஒரு பகுதி, பெயர் எல்லாம் சேர்த்து 12 லட்சம் டாலர். தன் வீட்டையும் மலையடித் தோட்டத்தையும் வைத்துக்கொண்டார். மது ஆகாது என்று சொல்லும் மதத்தில் வந்த அவர் மனைவிமேல் பழி போடுகிறவர்கள் உண்டு. இருபத்தைந்து வருட நஷ்டக் கணக்கு கண்ணெதிரே இருக்கும்போது வீட்டுப் பெண்மேல் பழி போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவருக்கு இரண்டு மகள்கள். அவர்கள் கையில் கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

வாங்கிய யுனைடெட் வின்ட்னர்ஸ் அப்போது திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுக்குச் சொந்தம். விவசாயி கைக்குத்தானே போகிறது என்று அவர் நம்பியிருக்க வேண்டும். தரம் குறையாது என்று வாக்கும் கொடுத்தார்கள். உடனே எதுவும் கெட்டுவிடவில்லை. 1969ல் ஹியூப்ளைன் என்ற பெரிய நிறுவனம் யுனைடெட் வின்ட்னர்ஸைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. ஸ்மிர்னாஃப் வோட்கா விற்ற நிறுவனம். பிறகு கென்டக்கி பொரித்த கோழிக் கடைகளையும் வாங்கியது. அவர்களுக்கு இங்கில்நூக் என்பது கடைத்தட்டில் ஏற்ற ஒரு நல்ல பெயர். ரதர்ஃபோர்ட் நிலம் தரும் பழம் அந்தக் கணக்குக்கு யானைப்பசிக்குச் சோளப்பொரி. ஆகவே கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கிலிருந்து பழம் வந்தது. அங்கே வெயில் அதிகம், பாசனம் தாராளம், ஏக்கருக்கு டன் டன்னாக விளையும்.

அந்த ஜாடி ஒயினுக்கு அவர்கள் வைத்த பெயரைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இங்கில்நூக் நவால். நவால் என்பது அந்தத் தோட்டத்துக்குள் ஓடுகிற ஓடையின் பெயர். அந்த ஓடையின் ஒரு சொட்டுத் தண்ணீரும் காணாத பழத்தைப் பிழிந்து, ஓடையின் பெயரை ஒட்டி, பக்கத்தில் பர்கண்டி என்றோ ஷாப்ளி என்றோ சேர்த்துக்கொண்டார்கள். தோட்டம், ஓடை, பிரெஞ்சு ஊர் என்று மூன்று பெயர் ஒரே லேபிளில். மூன்றும் பொய். ஜான் டேனியல் எதை எதிர்த்து நின்றாரோ, அதுவே அவர் தோட்டத்தின் பெயரில் லட்சம் லட்சம் பெட்டியாக விற்றது. மாளிகைக்கு முன்னாலேயே ஒரு பெரிய பீப்பாய்க் கிடங்கையும் கட்டி முகப்பை மறைத்தார்கள்.

ஜாடி ஒயினை வாங்கிக் குடித்தவர்கள்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. சம்பளக்காரர்கள் இரவுச் சாப்பாட்டோடு குடிக்க ஏற்ற விலையில் ஒயின் கிடைத்தது நல்ல விஷயம்தான். அதற்கு வேறொரு பெயர் வைத்திருக்கலாம்.

ஜான் டேனியல் 1970ல் காலமானார். அந்தக் கடைசி ஆறு வருடமும் அவர் அதே தோட்டத்து வீட்டில் குடியிருந்தார் என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது. ஜன்னலைத் திறந்தால் விற்ற நிலம்.

அன்று மாளிகை வாசலில் அந்தப் பெயரைப் பார்த்ததும், ஃபிரீமாண்ட் ஜாடியைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். பிறகு ஒரு கல் திண்டில் உட்கார்ந்து, போனில் படித்துத் தெரிந்துகொண்ட மட்டும் அவருக்குச் சொன்னேன். அவருக்குப் புரியாத இடம் ஒன்றுதான். "நிலத்தை வித்தாச் சரி. பேரை மட்டும் எப்படிய்யா தனியா விப்பாங்க?" டிரேட்மார்க் என்றால் என்ன என்று விளக்கினேன். நிலம் ஒருவரிடம், பெயர் இன்னொருவரிடம் இருக்கலாம் என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். "நம்ம பழத்துக்குப் பேரே இல்லாமப் போச்சு. இவுகளுக்குப் பேரு இருந்தே இந்தக் கதி" என்றார்.

அவர் சொன்னது உண்மை. எங்கள் பந்தலில் விடியற்காலை நாலு மணிக்குத் தலைவிளக்கு கட்டி வெட்டிய குலைகளை, சொத்தை நீக்கி, பேப்பர் விரித்து அடுக்குவார் அம்மா. ஒரு குலையைக் காம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். விரல் பட்டால் பழத்தின் மேலிருக்கும் வெண்சாம்பல் பூச்சு போய்விடும், பழைய பழம்போலத் தெரியும். பள்ளிக்கூடம் போகுமுன் நானும் அடுக்கியிருக்கிறேன், கை பட்டதற்கு அடியும் வாங்கியிருக்கிறேன். அவ்வளவு பக்குவமாக அடுக்கிய பெட்டி லாரி ஏறியதும் மற்ற பெட்டிகளோடு ஒன்றாகிவிடும். பெட்டியில் கமிஷன் கடைப் பெயர் இருக்கும், எங்கள் பெயர் இருக்காது. பழம் கனியும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் பன்னீர் வெடித்துவிடும். அப்படி இரண்டு வெட்டு அடுத்தடுத்துப் போன வருடம், ஒரு வியாபாரி முன்பு எடுத்த பழத்துக்கான பணத்தையும் இழுத்தடித்து, பாதிதான் கொடுத்தார். 2012ல் கம்பியைச் சுருட்டி, கல்லுக்காலைப் பிடுங்கி விற்றோம். இப்போது அந்த இடத்தில் தென்னை நிற்கிறது.

நாப்பாவில் பெயர் பிறகு பல கை மாறியது. பொருள் ஒன்று, பத்திரம் பல. 1982ல் ஒரு சிகரெட் நிறுவனம், 1987ல் ஒரு பிரிட்டிஷ் நிறுவனம், 1994ல் நியூயார்க் மாநிலத்து ஒயின் நிறுவனம் ஒன்று. 2008ல் இங்கில்நூக், அல்மடேன் ஆகிய இரு ஒயின் பெயர்களும் ஒரு ஆலையும் சேர்ந்து 13.4 கோடி டாலருக்கு விலைபோயின. என் ஜன்னலோர ஜாடி இந்தப் பயணத்தின் நடுவில் எங்கோ இறங்கியது.

நிலத்தின் கதை தனியாக நடந்தது. டேனியல் குடியிருந்த வீட்டையும் அதைச் சுற்றிய நிலத்தையும் 1975ல் வாங்கியவர் திரைப்பட இயக்குநர் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கப்போலா. காட்பாதர் தந்த பணம். நிலம் கைக்கு வந்தும் பெயர் இல்லாததால் தன் ஒயினுக்கு ரூபிகான் என்று பெயர் வைத்தார். 1978 விளைச்சல்தான் அதில் முதலாவது. 1995ல் மாளிகையையும் முன்பக்கத் தோட்டத்தையும் வாங்கி, பிரிந்த நிலத்தை ஒன்றுசேர்த்தார். கடைசியாக 2011ல் பெயரை மீட்டார். நிலத்துக்குக் கொடுத்ததைவிடப் பெயருக்குக் கொடுத்தது அதிகம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் முதலில் நிலம் வாங்கிய நாளிலிருந்து எண்ணினால் முப்பத்தாறு வருடம். ஜான் டேனியல் விற்ற நாளிலிருந்து எண்ணினால் நாற்பத்தேழு.

டேனியலின் மகள்களும் சும்மா இருக்கவில்லை. யவுண்ட்வில் அருகே நாபானூக் என்ற தோட்டம் ஒன்றை அவர் விற்காமல் வைத்திருந்தார். 1982ல் மகள்கள் இருவரும் பிரான்ஸின் கிறிஸ்தியான் முயெக்ஸோடு கூட்டுச் சேர்ந்து அந்த நிலத்தில் டோமினஸ் ஒயினைத் தொடங்கினார்கள். மகள் ராபின் லெய்ல் பின்னால் தன் பெயரிலேயே ஒரு நிறுவனம் நடத்தி, தன் சிறந்த ஒயினுக்கு அப்பாவின் பெயரை வைத்தார். 1964ல் அந்த மேசையில் அவருக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தால் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

2023ல் ஒரு நாள் அப்பாவிடமிருந்து போன். குரலில் அப்படி ஒரு குதூகலம். கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. "நம்ம பழத்து பேருக்குப் பட்டா குடுத்துட்டாங்கய்யா" என்றார். பந்தல் போய்ப் பதினொரு வருடம் ஆகியிருந்தது, ஆனாலும் அவருக்கு அது நம்ம பழம்தான். அந்தப் பெயரை எந்தக் கம்பெனியும் விலைக்கு வாங்கி வேறு ஊர்ப் பழத்துக்கு ஒட்ட முடியாது என்று சொன்னேன்.

"அந்தக் கப்பல்காரன் தோட்டத்துக்கு இப்படி ஒரு பட்டா இல்லாமப் போச்சா?"

ஊருக்கு உண்டு என்றேன். 1993லிருந்து லேபிளில் ரதர்ஃபோர்ட் என்று போட வேண்டுமானால் நூற்றுக்கு 85 பங்கு பழம் அங்கே விளைந்ததாக இருக்க வேண்டும். தோட்டத்தின் பெயருக்கு அப்படி ஒன்றும் கிடையாது, இப்போது வைத்திருப்பவர் மனது வைக்கும்வரைதான்.

"ம்" என்றார். பிறகு, பக்கத்துத் தோட்டத்தில் காலையில் கவாத்து, தன்னை வரச் சொல்லியிருக்கிறார்கள், கத்திரிக்கு எண்ணெய் விட வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.